உப்பு எந்த வழியாக வருகிறது?

ஓர் இந்தியர் நாளொன்றுக்கு எவ்வளவு உப்பு உண்கிறார் என்ற கேள்விக்குக் கடந்த இருபது ஆண்டுகளில் பல விடைகள் வந்திருக்கின்றன. சென்னையில் மக்களிடம் உணவுப் பழக்கத்தைக் கேட்டறிந்து 2007-ல் வெளியான ஆய்வு சுமார் 8.5 கிராம் என்றது. டெல்லி, ஹரியானா பகுதியிலும் ஆந்திரத்திலும் முழுநாள் சிறுநீரைச் சேகரித்து அளந்த ஆய்வில் முறையே 8.6 கிராமும் 9.5 கிராமும் கிடைத்தன. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017-18 தேசியத் தொற்றாநோய்க் கண்காணிப்பு ஆய்வு, ஒரே ஒருமுறை எடுத்த சிறுநீரிலிருந்து கணக்கிட்டு, சராசரி 8 கிராம் என்றும், ஆண்களுக்கு 8.9, பெண்களுக்கு 7.1 என்றும் சொன்னது. உலக சுகாதார நிறுவனம் வகுத்திருக்கும் வரம்போ 5 கிராமுக்கும் கீழே. ஆக, எந்த முறையில் அளந்தாலும் நாம் வரம்பைத் தாண்டித்தான் நிற்கிறோம். உலகச் சராசரி 10.8 கிராம் என்பதால் இதில் நாம் தனியாகவும் இல்லை. 2013-ல் உலக சுகாதாரப் பேரவை, 2025-க்குள் சராசரி உப்பு நுகர்வை 30 சதவீதம் குறைப்பதென்று முடிவெடுத்தது. அந்த ஆண்டு வந்துபோய்விட்டது. இலக்கு எட்டப்படவில்லை, கெடு 2030-க்குத் தள்ளிப்போனது.

ஏன் எட்டப்படவில்லை என்பதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்கள் இரண்டு: மக்களின் நாக்கு, உணவு நிறுவனங்களின் லாபம். இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் இவற்றுக்கு முன்பே கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்று, இந்தியா போன்ற நாடுகளில், சரியாகக் கேட்கப்படவில்லை என்று நினைக்கிறேன். உப்பு எவ்வளவு என்பதோடு, அது எந்த வழியாக உடலுக்குள் வருகிறது என்பதையும் அளந்தாக வேண்டும். ரொட்டியிலிருந்து வரும் உப்பைக் குறைக்கும் வழி வேறு, வீட்டு அடுப்படியில் குழம்பில் விழும் உப்பைக் குறைக்கும் வழி வேறு. ஒரு நாட்டில் வெற்றிபெற்ற திட்டத்தை, உப்பின் வழித்தடம் முற்றிலும் வேறான இன்னொரு நாட்டில் அப்படியே நட்டுவைத்தால் அது வேர்பிடிக்காது.

முதலில் அளவை. உப்பை அளப்பது எளிதென்றுதான் தோன்றும். நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டு, உணவுச் சத்து அட்டவணையைப் பார்த்துக் கூட்டினால் போதாதா? போதாது. சாம்பாரில் எவ்வளவு உப்பு போட்டார்கள் என்பது சாப்பிட்டவருக்குத் தெரியாது. சமைத்தவரும் கிராம் கணக்கில் போடுவதில்லை, கையளவில் போடுகிறார். கல்லுப்பு ஒரு கரண்டிக்கும் தூள் உப்பு ஒரு கரண்டிக்கும் எடை வேறு. ஒரே ஊரில் இரண்டு வீட்டு ரசத்தில் இருக்கும் உப்பு ஒன்றாக இருக்காது என்பதால் அட்டவணை காட்டும் எண் வெறும் உத்தேசமே. இதைவிட நம்பகமானது, பார்வைக்கு எளிமையான ஒரு கணக்கு: நான்கு பேர் உள்ள வீட்டில் ஒரு கிலோ உப்புப் பாக்கெட் முப்பது நாளில் தீர்ந்தால், ஆளுக்கு ஒரு நாளைக்கு 8.3 கிராம். ஆனால் இதிலும் ஓட்டைகள் உண்டு. மீன் கழுவவும், காய்களை உப்புநீரில் போட்டு வைக்கவும் செலவாகும் உப்பு வயிற்றுக்குப் போவதில்லை. உப்பிட்டு வேகவைத்த சோற்றின் கஞ்சியை வடித்தால் ஒரு பகுதி அதோடு போகிறது. மறுபுறம், டீக்கடை வடையிலும் ஹோட்டல் சால்னாவிலும் கடையில் வாங்கிய அப்பளத்திலும் கருவாட்டிலும் இருக்கும் உப்பு இந்தக் கணக்கில் வரவே வராது. வீட்டுக்குள் வரும் உப்பை மட்டும் ஓரளவு காட்டக்கூடிய முறை இது. அந்த அளவில் மிகவும் பயனுள்ளது, ஏனோ அரசாங்க ஆய்வுகளில் போதிய மதிப்புப் பெறாதது.

உண்மைக்கு மிக அருகில் செல்லும் முறை 24 மணி நேரச் சிறுநீர்ச் சேகரிப்பு. உண்ணும் சோடியத்தில் ஏறத்தாழ 93 சதவீதம் சிறுநீரில் வெளியேறிவிடுகிறது என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் கண்டிருக்கிறார்கள். காலையில் முதல் சிறுநீரைக் கழித்துவிட்டு, அதன்பின் வருவது அனைத்தையும் மறுநாள் காலை முதல் சிறுநீர் வரை ஒரு கேனில் சேர்க்க வேண்டும். சொல்வது சுலபம். வயல்வேலைக்குப் போகும் பெண்ணோ, பேருந்து நடத்துநரோ, கழிப்பறை வசதியற்ற இடத்தில் வேலை பார்க்கும் கட்டடத் தொழிலாளியோ நாள் முழுவதும் கேனோடு அலைய முடியுமா? எனவே பலர் பாதியில் விட்டுவிடுகிறார்கள், சிலர் ஒரு வேளையைத் தவறவிட்டதைச் சொல்வதில்லை. சேகரிப்பு முழுமையானதா என்று சரிபார்க்கக் கிரியேட்டினின் என்ற கழிவுப்பொருளின் அளவைப் பார்ப்பார்கள், அல்லது சிறுநீரில் அப்படியே வெளியேறும் ஒரு மாத்திரையைக் கொடுத்து அது எவ்வளவு திரும்பி வருகிறதென்று பார்ப்பார்கள். இவ்வளவு செய்தாலும், ஒரு தனிமனிதரைப் பற்றி ஒருநாள் சேகரிப்பு சொல்வது மிகக் குறைவு. மாஸ்கோவில் செவ்வாய்ப் பயணத்துக்கான ஒத்திகையாக மாதக்கணக்கில் அடைபட்டிருந்தவர்களுக்குத் தினமும் உப்பு கிராம் சுத்தமாக அளந்து கொடுக்கப்பட்டது. உட்கொள்ளும் அளவு மாறாதபோதும் வெளியேறும் சோடியம் நாளுக்கு நாள், வாரத்துக்கு வாரம் ஏறி இறங்கியதை 2013-ல் வெளியான அந்த ஆய்வு காட்டியது. ஆகவே ஒருநாள் சேகரிப்பை வைத்து, நீங்கள் அதிகம் உண்கிறீர்கள் என்று ஒரு நோயாளியிடம் சொல்வது தவறாகப் போகலாம். ஒரு மாவட்டத்தின் சராசரியைச் சொல்வதற்கோ அதே சேகரிப்பு போதும். ஒருவரிடம் கூடுவதும் இன்னொருவரிடம் குறைவதும் சேர்ந்து சமனாகிவிடும். இந்த வேறுபாட்டை மறந்ததால்தான் உப்பு ஆராய்ச்சியின் மிகப் பெரிய சண்டையே மூண்டது.

2014-ல் 17 நாடுகளைச் சேர்ந்த ஒரு லட்சத்துக்கும் அதிகமானோரைக் கொண்ட பியூர் ஆய்வு வெளியானது. சோடியம் மிகுதியாக உண்பவர்களுக்கு ஆபத்து அதிகம் என்பதோடு, குறைவாக உண்பவர்களுக்கும் இறப்பும் இதயநோயும் அதிகம் என்று அது சொன்னது. ஆபத்து மிகக் குறைந்திருந்த இடைவெளி 3 முதல் 6 கிராம் சோடியம். உப்பாகக் கணக்கிட்டால் ஏறத்தாழ 7.5 முதல் 15 கிராம். இது உண்மையென்றால் இந்தியர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே பாதுகாப்பான இடத்தில் இருக்கிறார்கள், உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை மக்களை ஆபத்தை நோக்கித் தள்ளுகிறது என்றாகும். அலட்சியமாக ஒதுக்கிவிடக் கூடிய ஆட்சேபம் அல்ல இது. ஆனால் அந்த ஆய்வு 24 மணி நேரச் சிறுநீரை அளக்கவில்லை. காலையில் ஒருமுறை எடுத்த சிறுநீரை, ஜப்பானியர்களை வைத்து உருவாக்கிய கவாசாகி சூத்திரத்தில் போட்டு, முழுநாள் அளவை ஊகித்தது. அந்தச் சூத்திரத்தில் வயது, பாலினம், உயரம், எடை, சிறுநீரின் கிரியேட்டினின் எல்லாம் நுழைகின்றன. இவை ஒவ்வொன்றும் தன்னளவிலேயே இறப்போடு தொடர்புடையவை. நோயால் மெலிந்த முதியவருக்குச் சூத்திரம் குறைந்த சோடியம் என்று விடை தரும். அவர் இறந்தால் பழி குறைந்த உப்பின்மேல் விழும். அமெரிக்காவில் பலமுறை முழுநாள் சேகரிப்பு செய்யப்பட்டவர்களின் தரவுகளையே எடுத்து 2019-ல் இதைச் சோதித்தார்கள். உண்மையான அளவை வைத்தபோது, உப்பு குறையக் குறைய இறப்பும் நேர்கோட்டில் குறைந்தது. அதே மனிதர்களுக்குச் சூத்திரத்தைப் பயன்படுத்தியதும் கோடு இருமுனையிலும் மேலே வளைந்தது. சோடியத்தைத் தவிர்த்துச் சூத்திரத்தின் மற்ற உறுப்புகளை மட்டும் எடுத்துக்கொண்டாலும் இறப்போடு தொடர்பு தெரிந்தது. பின்னர் 2022-ல், ஆறு நீண்டகால ஆய்வுகளில் பலமுறை முழுநாள் சிறுநீர் சேகரித்த 10,709 பேரின் தரவு ஒன்றாகத் தொகுக்கப்பட்டது. ஒவ்வொரு 1,000 மில்லிகிராம் கூடுதல் சோடியத்துக்கும் இதயநோய், பக்கவாத ஆபத்து 18 சதவீதம் உயர்ந்தது. குறைந்த முனையில் ஆபத்து ஏறவில்லை. பியூர் ஆய்வாளர்களின் உழைப்பை மதிக்கிறேன். பொட்டாசியம் அதிகம் உண்பவர்களுக்கு ஆபத்து குறைவு என்ற அவர்களுடைய இன்னொரு முடிவு நிலைத்து நிற்கிறது. உப்பைப் பற்றிய முடிவு மட்டும் அளவுகோலின் பிழை என்பதே என் தீர்ப்பு. நம்முடைய 2017-18 தேசிய ஆய்வும் ஒருவேளைச் சிறுநீரையே நம்பியது என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும். அதன் சராசரியை ஓரளவு ஏற்கலாம். யார் அதிகம், யார் குறைவு என்று பிரித்துச் சொல்ல அதைப் பயன்படுத்தக் கூடாது.

உப்புக்கும் இரத்த அழுத்தத்துக்கும் உள்ள தொடர்பில் இன்று பெரிய ஐயமில்லை. 1988-ல் வெளியான இன்டர்சால்ட் ஆய்வு 32 நாடுகளில் 52 இடங்களில் பத்தாயிரம் பேரின் முழுநாள் சிறுநீரை அளந்தது. லடாக்கும் டெல்லியும் அந்த 52-ல் அடக்கம். உப்பையே அறியாத பிரேசிலின் யானோமாமி மக்களிடம், வயது ஏற ஏற அழுத்தமும் ஏறும் வழக்கமே காணப்படவில்லை. அவர்கள் வாழ்க்கை பலவிதங்களில் வேறுபட்டது என்பதால் அது மட்டும் சான்றாகாது. 2001-ல் டேஷ்-சோடியம் சோதனை 412 பேருக்கு மூன்று உப்பு அளவுகளில் சமைத்த உணவையே வழங்கி, உப்பு படிப்படியாகக் குறைய அழுத்தமும் படிப்படியாகக் குறைவதைக் காட்டியது. பல சோதனைகளின் தொகுப்பில், உப்பை நாளுக்கு 4.4 கிராம் குறைத்தால் மேல் அழுத்தம் சராசரி 4 மில்லிமீட்டர் அளவு இறங்கியது. அழுத்தம் சரியாக இருப்பவர்களிடமும் 2.4 இறங்கியது. அமெரிக்காவில் உப்பைக் குறைக்கப் பயிற்சி பெற்றவர்களைப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தபோது, மற்றவர்களைவிட அவர்களுக்கு இதயநோய் நிகழ்வுகள் ஏறத்தாழ கால் பங்கு குறைந்திருந்தன.

இனி வழித்தடத்துக்கு வருவோம். பிரிட்டனில் 1980களில் சமையல் உப்பிலும் மேசை உப்பிலும் லித்தியத்தைக் கலந்து கொடுத்து, சிறுநீரில் அது எவ்வளவு வருகிறதென்று பார்த்தார்கள். மொத்த உப்பில் வீட்டில் சேர்ப்பது 15 சதவீதம் மட்டுமே என்று தெரிந்தது. மீதி பெரும்பாலும் ரொட்டி, பதப்படுத்திய இறைச்சி, சீஸ், சூப், பிஸ்கட் வழியாக வந்தது. எனவே அங்கே திட்டம் தொழிற்சாலையை நோக்கிச் சென்றது. கிரஹாம் மெக்ரெகர் முதலானோர் 1996-ல் தொடங்கிய இயக்கமும், உணவுத் தர முகமை 2006-ல் ஒவ்வொரு உணவு வகைக்கும் வகுத்த உப்பு இலக்குகளும் நிறுவனங்களைப் படிப்படியாக இறங்க வைத்தன. ரொட்டியின் உப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது, வாங்குபவரின் நாக்குக்கு அது தெரியவில்லை. முழுநாள் சிறுநீரில் அளந்த சராசரி 9.5 கிராமிலிருந்து 2011-ல் 8.1 கிராமாக இறங்கியது. அதே ஆண்டு இலக்குகளைக் கண்காணிக்கும் பொறுப்பை நிறுவனங்களின் நல்லெண்ணத்துக்கு விட்டார்கள், இறக்கமும் நின்றது. பின்லாந்து 1993-ல் உப்பு மிகுந்த உணவுகளில் எச்சரிக்கை அச்சிடச் சட்டம் செய்தது. 1970களின் இறுதியில் 12 கிராம் அளவில் இருந்த நுகர்வு 2002-ல் 9 கிராம் அளவுக்கு வந்தது. தென்னாப்பிரிக்கா 2013-ல் ரொட்டி முதல் சிப்ஸ் வரை கட்டாய உச்சவரம்பு விதித்து 2016-ல் நடைமுறைப்படுத்தியது. இந்த வெற்றிகளிலிருந்து உலகம் கற்ற பாடம், தனிமனிதருக்கு உபதேசம் செய்யாமல் உணவையே மாற்று என்பது. நல்ல பாடம்தான். ஆனால் டெல்லியிலும் ஆந்திரத்திலும் உணவைப் பிரித்துப் பார்த்தபோது, உப்பில் எண்பது சதவீதத்துக்கும் மேல் வீட்டுச் சமையலில் சேர்ப்பதாக இருந்தது. பிரிட்டனின் கணக்கு இங்கே தலைகீழாகத் திரும்புகிறது. நாளையே இந்தியாவின் எல்லா உணவு நிறுவனங்களும் பாதி உப்பைக் குறைத்தாலும், நம் சராசரியில் ஒரு கிராம்கூடக் குறையாது.

அடுப்படி உப்பைக் குறைக்க முதலில் தோன்றுவது விழிப்புணர்வு. அதை முழுவதும் வீண் என்று சொல்ல மாட்டேன். வட சீனாவின் சாங்ஜி நகரில் 28 தொடக்கப் பள்ளிகளில் நடந்த சோதனையில், உப்பின் தீமையைக் கற்ற ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் வீட்டில் போய்ச் சொல்ல, ஒரு பள்ளிப் பருவத்துக்குள் பெரியவர்களின் நுகர்வு மற்ற பள்ளிகளோடு ஒப்பிட்டால் நாளுக்கு 2.9 கிராம் குறைந்தது. முழுநாள் சிறுநீரில் அளந்த எண் அது. பிள்ளைகள் கேட்டால் பாட்டி தாத்தா கேட்பார்கள் என்பது இந்த மண்ணிலும் பொருந்தக்கூடியது. ஆனால் பயிற்சி நின்றபின் அந்தக் குறைவு எத்தனை காலம் நிற்கும் என்பதில் எனக்கு நம்பிக்கை குறைவு. உபதேசத்தை விட்டு, உப்பு வழங்கலையே கட்டுப்படுத்திப் பார்த்தார்கள். சீனாவில் 48 முதியோர் இல்லங்களில் நடந்து 2023-ல் வெளியான சோதனை மிகவும் கவனிக்கத் தக்கது. சில இல்லங்களின் சமையலறைக்குத் தரும் உப்பைப் படிப்படியாகக் குறைத்தார்கள், வேறு சில இல்லங்களுக்குச் சோடியத்தின் ஒரு பகுதியை நீக்கிப் பொட்டாசியம் சேர்த்த மாற்று உப்பைக் கொடுத்தார்கள். இரண்டு ஆண்டுகளின் முடிவில், உப்பு குறைத்துத் தரப்பட்ட இல்லங்களில் இரத்த அழுத்தத்தில் மாற்றமில்லை. மாற்று உப்பு கிடைத்த இல்லங்களில் மேல் அழுத்தம் 7 மில்லிமீட்டர் இறங்கியது, இதயநோய் நிகழ்வுகள் 40 சதவீதம் குறைந்தன. நிர்வாகத்தின் கட்டுப்பாட்டில் இருக்கும் சமையலறையிலேயே அளவைக் குறைப்பது தோற்றது என்றால், கோடிக்கணக்கான வீடுகளில் அதை எதிர்பார்ப்பது எப்படி?

மாற்று உப்பு குறித்த மிக வலுவான சான்று 2021-ல் வந்தது. சீனாவின் 600 கிராமங்களில், பக்கவாதம் வந்தவர்களும், உயர் அழுத்தமுள்ள அறுபது வயதைக் கடந்தவர்களுமாக 20,995 பேர். பாதிக் கிராமங்களுக்கு நான்கில் மூன்று பங்கு சோடியம் குளோரைடும் ஒரு பங்கு பொட்டாசியம் குளோரைடும் கலந்த உப்பு. ஏறத்தாழ ஐந்து ஆண்டுகளில் பக்கவாதம் 14 சதவீதமும் இறப்பு 12 சதவீதமும் குறைந்தன. இதில் நான் முக்கியமாகப் பார்ப்பது சிறுநீர்க் கணக்கை. முழுநாள் சோடியம் வெறும் 350 மில்லிகிராம்தான் குறைந்தது, பொட்டாசியம் 800 மில்லிகிராம் கூடியது. அதாவது நன்மையின் பெரும்பகுதி சேர்ந்ததால் வந்தது, குறைந்ததால் அல்ல. காய்கறி, பழம் குறைவாக உண்ணும் ஏழை மக்களின் உணவில் பொட்டாசியம் குறைவு என்பது தெரிந்ததே. அவர்கள் தவறாமல் வாங்கும் ஒரே பொருள் வழியாக அது போய்ச் சேருகிறது. பெருவின் தும்பேஸ் பகுதியில் ஆறு கிராமங்களில் கடை, உணவகம், வீடு எல்லாவற்றிலும் உப்பையே மாற்றியபோது அழுத்தம் சராசரியில் 1.3 மில்லிமீட்டர்தான் இறங்கியது. ஆனால் புதிதாக உயர் அழுத்தம் வருபவர்களின் விகிதம் பாதியானது. நமக்கு மிக அருகில், தெலங்கானாவின் சித்திபேட் கிராமங்களில் உயர் அழுத்தமுள்ள 502 பேரிடம் மூன்று மாதம் நடந்த சோதனையில் மேல் அழுத்தம் 4.6 மில்லிமீட்டர் இறங்கியது. புளிக்குழம்பும் பச்சடியும் உண்ணும் தென்னிந்திய நாக்கு அந்தச் சுவையை ஏற்கும் என்பதற்கும் அது சான்று. உலக சுகாதார நிறுவனமும் 2025 ஜனவரியில், வீட்டில் சாதா உப்புக்குப் பதிலாக இத்தகைய உப்பை, சில நிபந்தனைகளோடு, பரிந்துரைத்தது. கடைகளில் இப்போது விற்பனை பெருகிவரும் இந்துப்பு இந்த வகையைச் சேர்ந்ததல்ல. நிறம் வேறானாலும் அது ஏறத்தாழ முழுவதும் சோடியம் குளோரைடே. அதை நம்பி உப்பைக் கூட்டிப் போடும் வீடுகளுக்கு நேரும் இழப்பு எனக்கு வருத்தமளிக்கிறது.

மாற்று உப்புக்கு எதிரான மிகக் கனமான ஆட்சேபம் சிறுநீரகம் பற்றியது. சிறுநீரகம் செயலிழந்து வருபவர்களுக்கும், பொட்டாசியத்தைத் தேக்கிவைக்கும் சில மாத்திரைகளை உண்பவர்களுக்கும் இரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத்துடிப்பு நிலைகுலையலாம். சீனச் சோதனைகள் அத்தகையோரைத் தெரிந்தவரை விலக்கிவிட்டே நடந்தன. நம் ஊரில் நீரிழிவோடு வாழ்பவர்கள் ஏராளம், தம் சிறுநீரகம் பழுதாவதை அறியாதவர்களும் ஏராளம். இந்த ஆட்சேபத்தை நான் முழுவதும் ஏற்கிறேன், ஆனால் அதன் அளவைக் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். நாளுக்கு 8 கிராம் உப்பில் கால் பங்கு பொட்டாசியம் குளோரைடு என்றால் கூடுதலாகச் சேரும் பொட்டாசியம் சுமார் ஒரு கிராம், இரண்டு மூன்று வாழைப்பழங்களில் இருப்பது. ஐந்து ஆண்டு சீனச் சோதனையில் பொட்டாசியம் மிகுந்து ஏற்பட்ட கடுமையான பாதிப்புகள் கூடவில்லை. முதியோர் இல்லங்களில் இரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் உயர்ந்தவர்கள் கூடினார்கள், அதனால் தீங்கு நேர்ந்ததாகத் தெரியவில்லை. ஆகவே இது திட்டத்தைக் கைவிடுவதற்கான காரணமாகாது. கிரியேட்டினின் பரிசோதனையைத் திட்டத்தோடு சேர்த்துக் கட்டுவதற்கான காரணம். பாக்கெட்டின்மேல் தமிழில் பெரிய எழுத்தில் எச்சரிக்கை இல்லாமல் ஒரு கிலோகூட விற்கக் கூடாது.

வெயிலில் வியர்வை சிந்துபவர்களுக்கு உப்பு கூடுதலாக வேண்டாமா என்று தமிழ்நாட்டில் எல்லோரும் கேட்பார்கள். உடல் வெப்பத்துக்குப் பழகும்போது வியர்வையில் போகும் சோடியம் குறைந்துவிடுகிறது, சிறுநீரகமும் சோடியத்தைப் பிடித்துவைக்கிறது. உப்பளத்திலும் செங்கல் சூளையிலும் நாள் முழுதும் உழைப்பவர்களின் தேவை வேறுதான், அவர்களுக்குத் தனி வரம்பு வேண்டும் என்பது நியாயம். ஆனால் இந்த வாதத்துக்கு மறுபக்கம் ஒன்று இருக்கிறது. ஆந்திரத்தில் சிறுநீரில் அளந்த 9.5 கிராம் வியர்வையில் போனதைக் கணக்கில் எடுப்பதில்லை. அதிகம் வியர்க்கிறோம் என்பது உண்மையானால், நாம் உண்ணும் உப்பு அளந்ததைவிடவும் அதிகம். அயோடின் பற்றிய கவலைக்கு விடை எளிது. கடையில் வாங்கும் உப்பில் கிலோவுக்குக் குறைந்தது 15 மில்லிகிராம் அயோடின் இருக்க வேண்டும் என்பது விதி. உப்பு பாதியானால் அயோடினை இரு மடங்காக்கினால் போதும். மாற்று உப்பிலும் அயோடினைச் சேர்க்கத் தடையில்லை.

அழுத்தம் உள்ளவர்களுக்கு மாத்திரை கொடுத்தால் போதாதா, ஊரையே ஏன் மாற்ற வேண்டும் என்ற வாதமும் உண்டு. 2020-ல் தமிழ்நாட்டில் நடந்த ஆய்வில், பெரியவர்களில் மூன்றில் ஒருவருக்கு உயர் இரத்த அழுத்தம் இருந்தது. அவர்களில் அழுத்தம் கட்டுக்குள் இருந்தவர்கள் 7 சதவீதம் அளவுக்கே. 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுபோகிறது. மிக நல்ல முயற்சி. ஆனால் பக்கவாதம் வருபவர்களில் கணிசமானோர், அழுத்தம் மிக அதிகம் என்று சீட்டு எழுதப்படாத, நடுத்தர அளவில் இருப்பவர்கள். ஜெஃப்ரி ரோஸ் 1985-ல் விளக்கிய கருத்து இது: ஆபத்து குறைவான பெருங்கூட்டத்திலிருந்து வரும் நோயாளிகள், ஆபத்து மிகுந்த சிறுகூட்டத்திலிருந்து வருபவர்களைவிட அதிகமாக இருப்பார்கள். இரண்டு மில்லிமீட்டர் இறக்கம் ஒருவருக்குத் தெரியவே தெரியாது. ஏழு கோடிப் பேருக்கு இறங்கினால் மருத்துவமனைகளுக்குத் தெரியும்.

இங்கே தமிழ்நாட்டுக்கு ஒரு வாய்ப்பு இருக்கிறது. ராமநாதபுரம் மாவட்டம் வாலிநோக்கத்தில் மாநில அரசின் உப்புக் கழகம் இயங்குகிறது. 2014-ல் அது அறிமுகப்படுத்திய மூன்று வகை அம்மா உப்பில் ஒன்று சோடியம் குறைந்த உப்பு. மூன்றிலும் அதற்கே விலை அதிகம். வசதியுள்ளவர் தேடி வாங்கும் பண்டமாக வைத்தது அதன் முதல் குறை. பொட்டாசியம் குளோரைடு சாதா உப்பைவிடப் பலமடங்கு விலையுள்ளது, பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வருவது. எனவே சந்தையின் போக்கில் விட்டால் ஏழை வீட்டுக்கு அது போகாது. ஒருவர் ஆண்டுக்கு உண்பதோ மூன்று கிலோ சொச்சம். விலை வித்தியாசத்தை அரசே ஏற்று ரேஷன் கடையில் சாதா உப்பின் விலைக்கே கொடுத்தாலும், ஒரு பக்கவாத நோயாளியின் சிகிச்சைச் செலவோடும் அவர் குடும்பம் இழக்கும் வருமானத்தோடும் ஒப்பிட அது சிறு தொகை. மக்கள் விருப்பத்தில் அரசு தலையிடுகிறது என்பார்கள். அயோடின் இல்லாத உப்பை உணவுக்கு விற்பதை 2006 முதல் நாடு முழுவதும் தடை செய்திருக்கிறோம், சத்துணவில் இரும்புச்சத்து சேர்த்த உப்பைப் பயன்படுத்துகிறோம். இங்கே கேட்பது தடைகூட இல்லை, சாதா உப்பு பக்கத்திலேயே இருக்கட்டும். நல்லது எட்டும் விலையில் இருக்க வேண்டும், அவ்வளவே.

இதற்கிடையில் வழித்தடமும் மாறிக்கொண்டிருக்கிறது. நூடுல்ஸ், சிப்ஸ், பாக்கெட் மசாலா, ரெடிமேட் மாவு, இரவு ஹோட்டல் பரோட்டா என்று வீட்டுக்கு வெளியிலிருந்து வரும் உப்பு நகரங்களில் பெருகுகிறது, குறிப்பாகப் பிள்ளைகளிடம். எண்பது சதவீதம் அடுப்படி என்ற கணக்கு பத்து ஆண்டுகளில் பழையதாகிவிடலாம். இன்று சிறிதாக இருக்கும்போதே இதற்கு வரம்பு கட்டுவது, வளர்ந்தபின் போராடுவதைவிட எளிது. சிலி 2016-ல் உப்பு மிகுந்த பாக்கெட்டுகளின் முகப்பில் கறுப்பு எண்கோண எச்சரிக்கையைக் கட்டாயமாக்கியது. நம் உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2022-ல் முன்வைத்த வரைவோ நட்சத்திர மதிப்பீடு. அந்த முறையில் நார்ச்சத்தோ புரதமோ சேர்த்து உப்பின் குறையை ஈடுகட்டிவிடலாம் என்பதால் அதை நான் ஏற்கவில்லை. உப்பு அதிகம் என்றால் அதிகம் என்று முகப்பில் எழுத வேண்டும்.

இவை அனைத்துக்கும் முதல் படி, நம்பகமான அளவை. மாநிலம் முழுவதும் ஆயிரக்கணக்கானோரிடம் ஒருவேளைச் சிறுநீர் எடுப்பதைவிட, நகரம், கிராமம், கடலோரம் என்று பிரித்துச் சில நூறு பேரிடம் முழுநாள் சிறுநீரை ஒழுங்காகச் சேகரிப்பது மேல். கேனோடு வேலைக்குப் போக முடியாத கூலித் தொழிலாளிக்கு அன்றைய கூலியைக் கொடுத்துச் சேகரிக்க வேண்டும். இல்லாவிட்டால் கிடைக்கும் எண் வீட்டிலிருப்பவர்களின் எண்ணாகவே இருக்கும். அதே சிறுநீரில் பொட்டாசியத்தையும் அயோடினையும் அளந்துவிடலாம், அதே வீடுகளில் மாத உப்புப் பாக்கெட்டையும் எடைபோட்டு வெளியுணவின் பங்கைப் பிரித்துவிடலாம். பின்பு மாற்று உப்பை எல்லா மாவட்டங்களிலும் ஒரே நாளில் தொடங்காமல், தும்பேஸில் செய்ததுபோல ஒவ்வொரு கட்டமாக, எந்த மாவட்டம் முதலில் என்பதைக் குலுக்கலில் தீர்மானித்துத் தொடங்கினால், இன்னும் தொடங்காத மாவட்டங்களோடு ஒப்பிட்டுப் பலனையும் சிறுநீரகப் பாதிப்பையும் இரண்டு மூன்று ஆண்டுகளில் அறிந்துகொள்ளலாம். வீடு தேடிச் செல்லும் சுகாதாரப் பணியாளர்கள் இருக்கிறார்கள், ரேஷன் கடைகள் இருக்கின்றன, உப்புக் கழகமும் இருக்கிறது. பொட்டாசியம் உயர்ந்த ஒருவர் வந்தால் அன்றே பரிசோதித்து அனுப்பும் வசதி ஆரம்ப சுகாதார நிலையங்களில் உறுதியான பிறகு, முதல் மாவட்டத்தைத் தேர்ந்தெடுக்கலாம்.